பால் உறையாத நாட்கள்

தொட்டியின் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. விடியும்போது அகப்பை நிற்கும் அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்க வேண்டிய தயிர், முந்தின நாள் ஊற்றியபடியே பாலாகக் கிடந்தது. தொட்டிக்காரர் நீளக் கரண்டியை விட்டுத் தூக்கிக் காட்டினார். பால் நூலாக வழிந்தது.

"அக்கா, இது தயிரும் இல்ல, பாலும் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

"மூடி வைங்க. நான் ஒரு டம்ளர் எடுத்துக்கிறேன்" என்றாள் உறைக்காரம்மா.

அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். படித்தது நுண்ணுயிரியல், செய்வது உறை வளர்ப்பு. வீட்டில் ஒரு கரண்டி மோரை விட்டால் பால் உறைந்துவிடும். கொஞ்சம் புளித்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடையில் கோப்பையில் விற்கும் கெட்டித்தயிர் அப்படி அல்ல. இன்றைக்கும் அடுத்த மாதமும் ஒரே ருசியில் இருக்க வேண்டும். அதற்காக ஒரே ஒரு வகைப் பாக்டீரியாவை, வேறு எதுவும் கலக்காமல், முதலில் ஒரு சீசாப் பாலிலும் பிறகு ஒரு வாளிப் பாலிலும் வளர்த்து, தினமும் சாயங்காலம் பெரிய தொட்டிக்கு அனுப்புவாள். அதற்கென்று அவளுக்குத் தனி அறை உண்டு. அந்த அறைக்குள் தூசியைக்கூட அவள் அனுமதி கேட்க வைப்பாள் என்று தொட்டிக்காரர் கிண்டல் செய்வார்.

டம்ளரைக் கொண்டுபோய் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். வழக்கமாகப் பாசிமணி கோத்தாற்போல் சங்கிலி சங்கிலியாகத் தெரியும் பாக்டீரியாக்கள், இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. மீதி எல்லாம் உடைந்த தூள். வேறு கிருமி வந்து இடத்தைப் பிடித்திருந்தால் அதுவாவது கண்ணில் படும். அப்படி ஒன்றும் இல்லை. யாரோ வந்து இவற்றை மட்டும் அடித்துப்போட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

மறுநாளும் பால் உறையவில்லை. அதற்கு மறுநாள் பாதி உறைந்து, மேலே தண்ணீர் மிதந்தது. அத்தனையும் சாக்கடைக்குப் போயிற்று.

மேனேஜர் வயதில் அவளைவிடச் சிறியவர். அவசரக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. அவருக்கு உடனே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"மேடம், இது ஆன்டிபயாடிக். மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டிருப்பாங்க, அந்தப் பாலையும் கலந்து அனுப்பிட்டாங்க. மருந்து நம்ம உறையைக் கொன்னுடுச்சு. வேற என்ன இருக்க முடியும்?"

அது நடக்கக்கூடியதுதான் என்பதால் அவளால் மறுக்க முடியவில்லை. "சோதனைப் பட்டையில மருந்து காட்டலையே சார்" என்று மட்டும் சொன்னாள்.

"பட்டை எல்லா மருந்தையும் காட்டாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

அதுவும் சரிதான். விசாரித்ததில், அந்த வாரம் மாட்டுக்கு ஊசி போட்டதாக ஒத்துக்கொண்டது ஒரே ஒருத்திதான். தொழிற்சாலைக்குப் பால் தருகிறவர்களில் மாட்டுக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். கேனைத் தானே தூக்கி இறக்குவாள். யாராவது கை கொடுக்க வந்தால் முறைப்பாள். அவள் பாலை வாங்க வேண்டாம் என்று மேனேஜர் வாசலில் சொல்லி வைத்துவிட்டார்.

காலையில் அந்தம்மாவின் குரல் உறை அறை வரைக்கும் கேட்டது.

"ஊசி போட்ட மாட்டைத் தனியாக் கட்டி, தனியாக் கறந்து, அந்தப் பாலை மண்ணுல ஊத்தினேன். ஊத்தும்போது வயிறு எரிஞ்சுது. மறைக்கணும்னா ஊசி போட்டேன்னு நானே ஏன் சொல்றேன்? உண்மையைச் சொன்னவளை வெளிய நிறுத்திட்டு, வாயைத் திறக்காதவங்க பாலை எல்லாம் வாங்குறீங்களா?"

மாட்டுக்காரம்மா கேன்களைத் திரும்ப வண்டியில் ஏற்றினாள். அன்று யாரும் கை கொடுக்கவும் போகவில்லை.

உறைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் மனசு கேட்காததெல்லாம் சோதனை ஆகிவிடாதே.

மதியம் அவள் கணவர் டீ ஃபிளாஸ்கோடு வந்தார். அவரும் அங்கேதான் வேலை செய்தார். பல வருஷம் டேங்கர் ஓட்டியவர். முதுகுவலி வந்தபிறகு, மழைக்காலம் முடிந்த கையோடு அவரைச் சுழற்றி அறைக்கு மாற்றினார்கள். உறைந்த தயிரைப் பெரிய எந்திரத்தில் போட்டு வேகமாகச் சுழற்றினால் தயிர்த்தண்ணி தனியாகத் தெறித்து வெளியேறும், கெட்டித்தயிர் மிஞ்சும். அந்தத் தண்ணியைக் குழாயில் அனுப்புவது அவர் பொறுப்பு. "எங்க வீட்டுக்காரர் தண்ணி டிபார்ட்மென்ட்" என்று அவள் சொல்லப்போய், கேட்டவர்கள் பரிதாபமாகப் பார்த்த கதை தொழிற்சாலையில் பிரபலம்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சு வற்றிப்போயிருந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. 'கேஸ் தீர்ந்துடுச்சா', 'கதவைச் சாத்தியாச்சா' என்பதோடு நாள் முடிந்துவிடும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் அவர் சும்மா டீ வாங்கிக்கொண்டு உறை அறைக்கு வந்தார். உள்ளே யாரையும் விடக்கூடாது என்று அவளே எழுதி ஒட்டியிருந்தாள். ஆனாலும் விட்டாள். கைகால் கழுவிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு, கதவருகே இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து அவர் டீ குடித்தார். அன்றிலிருந்து தினமும் வந்தார். ஒரு பொருளையும் தொடமாட்டார். பேச்சு மட்டும் மெல்லத் திரும்பி வந்தது: மகளைப் பற்றி, முதுகைப் பற்றி, மேல்வீட்டுக்காரர் காலையில் பாடுகிற கொடுமையைப் பற்றி. அவள் அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்திருந்தாள். அதை அவரிடம் சொன்னதில்லை.

"அந்தம்மா பொய் சொல்றவங்க இல்ல" என்றார் அவர், டீயை ஆற்றியபடி. "டேங்கர் ஓட்டும்போது பாத்திருக்கேன். பால்ல ஒரு வைக்கோல் விழுந்தாக்கூடக் கூப்பிட்டுக் காட்டுவாங்க."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. நிரூபிக்கணுமே."

"நிரூபியேன். நீதானே படிச்சவ."

அவர் போனபிறகு அவள் பக்கத்துச் சோதனை அறையில் வேலையைத் தொடங்கினாள். தொட்டியில் மேலே மிதந்ததிலிருந்து எடுத்து வைத்திருந்த தண்ணீரை, பாக்டீரியாவே நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர் கிடைத்தது. புதுப் பாலும் நல்ல உறையும் விட்ட குழாயில் அதில் ஒரு சொட்டு விட்டாள். பக்கத்தில் இன்னொரு குழாயில் அதே பால், அதே உறை. அதே தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றி ஒரு சொட்டு. கொதித்த சொட்டு விழுந்த பால் உறைந்தது. மற்றது உறையவில்லை.

மேனேஜர் வந்து இரண்டையும் சாய்த்துப் பார்த்தார்.

"அப்போ?"

"நம்ம உறையைக் கொல்றது பாக்டீரியா இல்ல சார், பூஞ்சையும் இல்ல. அதெல்லாம் இந்த வடிகட்டியில நின்னுடும். இது அதையும் தாண்டிப் போற அளவுக்குச் சின்னது."

"மருந்தும் தாண்டிப் போகுமே. சில மருந்து கொதிச்சா கெட்டும் போகும். நான் சொன்னது இன்னும் பொய்யாகலையே?"

"ஆகலை. அதான் இன்னொண்ணு பண்றேன். ஒரு டம்ளர் டீயில சர்க்கரை போடுறீங்க. அதுல இருந்து ஒரு சொட்டை எடுத்து, சர்க்கரை இல்லாத அடுத்த டம்ளர்ல விடுறீங்க. அதுல இருந்து ஒரு சொட்டு அதுக்கும் அடுத்ததுல. இப்படியே போனா கடைசி டம்ளர் இனிக்குமா?"

"எப்படி இனிக்கும்?"

"மருந்தும் அப்படித்தான். போகப்போக இல்லாமலே போயிடும். கடைசிக் குழாய்ல பால் கண்டிப்பா உறையணும்."

அவள் அப்படியே செய்தாள். உறையாத குழாயின் தண்ணீரை வடித்து ஒரு சொட்டு, அடுத்த குழாயில். அதை வடித்து ஒரு சொட்டு, அதற்கும் அடுத்ததில். ஒவ்வொன்றிலும் புதுப் பால், புது உறை. எல்லாம் முடிந்து வரிசையாக நிறுத்தியபோது, கடைசிக் குழாய் முதல் குழாயைவிட மோசமாக இருந்தது. சாய்த்தால் தண்ணீராக ஓடியது.

மேனேஜர் கடைசிக் குழாயை மறுபடி சாய்த்துப் பார்த்தார். "இது குறையலையே."

"குறையல. பெருகுது. மருந்து பெருகாது சார். இது வைரஸ்."

"தயிருக்கு வைரஸா?"

"தயிருக்கு இல்ல, தயிர்ல இருக்குற பாக்டீரியாவுக்கு. பாக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸ்னு தனியா இருக்கு. நம்மளை ஒண்ணும் பண்ணாது. நம்ம உடம்புக்குள்ள நுழையவே தெரியாது அதுக்கு. எல்லாப் பாக்டீரியாவுலயும் நுழையவும் தெரியாது. நம்ம உறைதான் அதுக்கு ஒத்துப்போகுது."

"பெருகுதுன்னா அதுவும் ஒரு கிருமிதானே? பாக்டீரியா மாதிரி?"

அவள் வலப்பக்கம் இருந்த இன்னொரு வரிசையைக் காட்டினாள். "இதுல பால் இருக்கு, உறை இல்ல. அந்தச் சொட்டை இதுலயும் விட்டு, இதே மாதிரி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாத்தினேன். கடைசிச் சொட்டை உறை விட்ட பால்ல விட்டுப் பாத்தா, அந்தப் பால் நல்லா உறையுது, ஒண்ணுமே மிஞ்சல. பால் எவ்வளவு சத்தா இருந்தாலும் அதுக்குப் பிரயோஜனம் இல்ல. பாக்டீரியான்னா பாலைத் தின்னும், வளரும், நடுவுல பிரிஞ்சு ரெண்டாகும், யார் தயவும் வேண்டாம். வைரஸ் தின்னாது, வளராது, பிரியாது. சும்மா ஒரு துகள். உள்ள கொஞ்சம் மரபுப்பொருள், வெளிய ஒரு ஓடு, அவ்வளவுதான். உயிருள்ள பாக்டீரியா மேல போய் ஒட்டினாத்தான் அதுக்கு வாழ்வு."

"ஒட்டி?"

"ஓடு வெளியவே நிக்க, மரபுப்பொருளை மட்டும் உள்ள தள்ளும். பாக்டீரியாவுக்கு அது தன்னோடதா, வந்ததான்னு தெரியாது. வழக்கமாத் தனக்குச் செய்யிற வேலையை எல்லாம் அதுக்குச் செஞ்சு கொடுக்கும். புதுசு புதுசா மரபுப்பொருள், புதுசு புதுசா ஓடு. எல்லாம் உள்ளயே பொருந்தி முழு வைரஸாகும். கடைசியில பாக்டீரியா வெடிச்சு, உள்ள போன ஒண்ணு நூறா வெளிய வரும். நூறும் ஆளுக்கொரு பாக்டீரியாவைத் தேடிப் போகும்."

மேனேஜர் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைக் கொல்ல நாம ஒரு ஆன்டிபயாடிக் போட்டா?"

"அது வைரஸுக்கு உறைக்கவே உறைக்காது சார். நம்ம உறைதான் சாகும்."

அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மாவை வாசல்ல நிக்க வச்சேனே" என்றார்.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. உறைப் பாக்டீரியாவைத் தட்டில் பால்நிறப் படலமாக வளரவிட்டால், வைரஸ் விழுந்த இடத்தில் பாக்டீரியா செத்து, தெளிந்த ஓட்டை விழும். அப்படிப் பல தட்டுகளைத் தயார் செய்து, தொழிற்சாலை முழுக்க ஆங்காங்கே சிறிது நேரம் திறந்து வைத்தாள். பால் இறங்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. கோப்பை நிரப்பும் அறையிலும் அதிகமில்லை. சுழற்றி அறைத் தட்டு சல்லடையாகிவிட்டது. அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. தினமும் தொட்டித் தயிர் அத்தனையும் அந்த எந்திரத்தில்தான் சுற்றியது. கண்ணுக்குத் தெரியாத தூவானம் அந்த அறையில் எப்போதும் உண்டு.

ஆனால் உறை அறையில் வைத்த தட்டுகளில் ஒன்றே ஒன்றில் மட்டும் ஓட்டைகள் இருந்தன. கதவருகே, முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தது.

அவள் அந்தத் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு எப்படியாவது வந்திருக்குமா என்று தன்னால் முடிந்தவரை யோசித்தாள். காற்று? அப்படியானால் எல்லாத் தட்டிலும் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கமே இல்லை.

மதியம் அவர் வந்தபோது கதவிலேயே நிறுத்தினாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"இங்கயா?" அவர் தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். "இந்த வயசுல என்னம்மா இது?"

"விளையாடாதீங்க. கையில கொடுங்க."

கை மடிப்பு ஈரமாக, லேசான புளித்த வாசனையோடு இருந்தது. அவள் பஞ்சால் தேய்த்து எடுத்துக்கொண்டு சட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் பனியனோடு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, அந்தப் பக்கம் போன தொட்டிக்காரர் நடையை எட்டிப் போட்டார்.

அந்தப் பஞ்சைத் தேய்த்த தட்டில் மறுநாள் படலமே மிஞ்சவில்லை. முழுக்கத் தெளிந்திருந்தது.

வீட்டில் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தூவானத்திலிருந்து தொடங்கினாள். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"அப்போ நான்தான் கெடுத்தேன்னு சொல்ற."

"நீங்க இல்லங்க. சட்டை."

"சட்டைக்குள்ள நான்தானே இருந்தேன்?"

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "கையைக் கழுவினீங்க, காலைக் கழுவினீங்க. சட்டையைப் பத்தி எனக்கே தோணலையே. உள்ள விட்டது நான்தான்."

அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். ரோஷக்காரர், டேங்கரை விட்டு இறக்கியபோதும் இப்படித்தான் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. வற்றியது மறுபடி ஊறத் தொடங்கி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் அவள் எழுந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். மேனேஜர் அறைக்கு அவள் சொல்லப் போனால், கணவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"சார், அவ பேர்ல எந்தத் தப்பும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "போகக்கூடாத இடம்னு தெரிஞ்சே போய் உக்காந்தது நான்."

"விட்டது நான்தான் சார்" என்றாள் அவள் வாசலிலிருந்தே. "அது என் அறை."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பழியை இழுத்துக்கிட்டா நான் யாரைத் திட்டுறது? எந்திரத்துக்கு ஒரு மூடி போட்டிருந்தா அந்தத் தூவானமே வெளிய வந்திருக்காது. அதைக் கேட்டு எனக்கு எழுதினது மேடம், தள்ளிப்போட்டது நான். மூணு பேரும் தப்புன்னு வச்சுக்கலாம். இப்போ என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். தொட்டி, குழாய், தரை எல்லாவற்றையும் குளோரின் விட்டுக் கழுவ வேண்டும். எந்திரத்துக்கு மூடி. அந்த அறை ஆள் அந்த உடையோடு வேறெங்கும் போகக்கூடாது. முக்கியமாக, உறையை மாற்ற வேண்டும். ஒரே வகைப் பாக்டீரியாவை வருஷக்கணக்கில் போட்டதால்தான் வைரஸ் இங்கே குடும்பம் பெருக்க முடிந்தது. ஒட்ட முடியாத வேறு வகையைக் கொண்டுவந்து, அடிக்கடி மாற்றி மாற்றிப் போட்டால், வைரஸ் இருந்தாலும் சும்மா கிடந்து அழியும்.

மாட்டுக்காரம்மாவுக்கு மேனேஜர் போன் செய்தார். "தெருவே கேக்கத் திருப்பி அனுப்பிட்டு, போன்ல காதுக்குள்ள மன்னிப்பா? நேர்ல வாங்க" என்றாள். உறைக்காரம்மாவின் கணவர்தான் மேனேஜரை ஏற்றிக்கொண்டு ஜீப்பை ஓட்டிப் போனார். கறந்து முடிக்கும்வரை மேனேஜரைக் கொட்டகைக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கேனை நான் இறக்க மாட்டேன். உங்க ஆளே வந்து இறக்கட்டும்" என்று சொன்னாளாம். மறுநாள் மேனேஜரே இறக்கினார். ஒரு கேன் அவர் காலில் கொஞ்சம் சிந்தியது.

கழுவி முடிக்கப் பல நாள் ஆயிற்று. புது உறை போட்ட முதல் காலையில் தொட்டிக்காரர் மூடியைத் திறந்துவிட்டுக் கரண்டியை நட்டு வைத்தார். அது நின்றது.

அதன்பிறகு கணவர் மதியத்தில் குளித்து, உடை மாற்றிக்கொண்டு வந்தாலும் உள்ளே வருவதில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் வேப்பமரமோ பூச்செடியோ ஒன்றும் இல்லாத ஒரு சிமென்ட் திட்டு இருந்தது; இருவரும் அங்கே உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் அவர் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார். பிறகு தானாகவே கேட்டார்: "அந்த வைரஸைக் கண்ணால பாக்க முடியாதா?"

"சாதாரண மைக்ராஸ்கோப்புல தெரியாது. அது பண்ணின வேலையை வேணும்னா பாக்கலாம். கதவுக்கு வெளிய வந்து நில்லுங்க."

உறை அறைக் கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி உண்டு. மூடி ஒட்டிய தட்டு ஒன்றை அவள் உள்ளிருந்து அதன்மேல் வைத்துப் பிடித்தாள். அவர் வெளியே குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். வெண்படலத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தெளிந்து கிடந்தன. அவர் ஏதோ கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க!"

"ஒரு ஓட்டைக்கு எத்தனை வைரஸ்?"

"வந்து விழுந்தது ஒண்ணு! இப்போ அதுல கோடிக்கணக்குல இருக்கும்!"

"ஒரே ஒண்ணுல இருந்தா?" அவர் வட்டத்தின்மேல் விரலை வைத்தார். அவள் விரல் உள்ளிருந்து அதே இடத்தில் தட்டைப் பிடித்திருந்தது. "நமக்கு ஒண்ணை வளத்துக் கரையேத்தவே நாக்குத் தள்ளிப்போச்சேம்மா!"

தாழ்வாரத்தில் போன எல்லோரும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.